சான்றுப் பொருள் 1

குற்றவியல் வழக்கொன்றில் தீர்ப்புச் சொல்லப்படும் தினத்தில் நியாயஸ்தலத்தில் கூடியிருப்பவர்கள் அனைவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது, எதிரி குற்றவாளியா அல்லவா என்ற ஒரே வாக்கியத்தைத்தான். அது மாஜிஸ்திரேட்டின் வாயிலிருந்து வெளிப்பட்ட மாத்திரத்தில், ஒரு சாரார் கண்ணைத் துடைத்துக்கொண்டும் மற்றொரு சாரார் வெற்றிலைப் பையை அவிழ்த்துக்கொண்டும் வராந்தாவுக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தீர்ப்பின் கடைசிப் பத்தியில், இரத்தக் கறை படிந்த சட்டையையும் அரிவாளையும் மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் அழித்துவிட வேண்டுமென்றும், நகைகளை முதல் சாட்சியிடம் ஒப்படைக்க வேண்டுமென்றும், துப்பாக்கி இருந்தால் அதை அரசுடைமையாக்கி ஆயுதக் கிடங்குக்கு அனுப்ப வேண்டுமென்றும் நாலு வரி எழுதப்பட்டிருப்பதை, அரை நூற்றாண்டுக் காலம் இத்தொழிலில் உழன்ற நான் பார்த்தவரையில், பெரும்பாலான வக்கீல்கள்கூட ஊன்றிப் படிப்பதில்லை.

எனக்குத் திண்டுக்கல் வட்டாரத்தில் ஓரளவு பெயர் வாங்கிக் கொடுத்தவை கொலை வழக்குகள் அல்ல. இந்தக் கடைசிப் பத்தியைச் சார்ந்த மனுக்கள்தாம். நான் ஜூனியராகச் சேர்ந்த காலத்தில் 'பிராபர்ட்டி ரிட்டர்ன்' மனு என்றால் சீனியர்கள் கையாலும் தொடமாட்டார்கள். பிடிபட்ட மாட்டுவண்டியையும் சைக்கிளையும் மீட்டுக் கொடுக்கும் வேலை, கோட்டுக்குப் புதிதாகப் பொத்தான் தைத்துக்கொண்டு வந்த பையன்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. என் சீனியர் மட்டும் அதை அலட்சியம் செய்தவர் அல்லர். 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 516-ஏ, 517, 523 என்ற பிரிவுகளை ஸ்தோத்திரம்போல் சொல்லக்கூடிய அவர், 1974 ஏப்ரல் 1-ஆம் தேதி புதுச் சட்டம் அமலுக்கு வந்து அவை 451, 452, 457 என்று எண் மாறிய பிறகும் பழைய எண்களையே பிரயோகித்து, பெஞ்சு கிளார்க்கைத் திணற அடித்துக்கொண்டிருந்தார். இப்பொழுது 2024 ஜூலை 1 முதல் அவையே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 498, 503 ஆகிவிட்டன. எண்கள் மூன்று தலைமுறையாக மாறினாலும், விஷயம் என்னவோ ஒன்றுதான்: வழக்கு நடக்கும்போது பொருள் யாரிடம் இருக்க வேண்டும், முடிந்தபின் யாரிடம் போக வேண்டும், போலீஸார் கைப்பற்றிய பொருளுக்கு வழக்கே இல்லாவிட்டால் அதை என்ன செய்வது.

கைப்பற்றப்பட்ட பொருள் ஒன்று எந்த வழியாகப் பிரயாணம் செய்கிறதென்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பவ ஸ்தலத்தில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதப்படுகிறது. பொருளில் ஓர் அட்டையைச் சணல் கயிற்றால் கட்டி, குற்ற எண்ணும் தேதியும் எழுதி, அரக்கு முத்திரை வைக்கிறார்கள். பிறகு 95-ஆம் நம்பர் படிவத்தோடு அது கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டு, அங்கே சொத்துப் பதிவேட்டில் வரிசை எண் பெற்று, பிராபர்ட்டி கிளார்க்கின் சாவிக்கு அடங்கிய அறைக்குள் நுழைகிறது. விசாரணையின்போது சாட்சி அதை அடையாளம் காட்டினால், 'சா.பொ.' என்ற புதிய பெயர் சூட்டப்படுகிறது. இந்த நாலு இடத்திலும் அந்தப் பொருளைப் பற்றி எழுதப்படும் வர்ணனை ஒன்றாக இருந்துவிட்டால் வக்கீலுக்கு வேலை குறைவு. எழுதுகிறவர்கள் நால்வராக இருப்பதால் அது ஒன்றாக இருப்பதில்லை.

அந்த அறைகளைப் பார்த்தவர்களுக்கு, பொருளைத் தாமதமின்றித் திருப்பிக் கொடுப்பதன் அவசியத்தைப் பற்றிப் பிரசங்கம் தேவையில்லை. 1977-ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம், களவு போய் மீட்கப்பட்ட நகைகள் போலீஸ் ஸ்டேஷனிலேயே மறுபடியும் காணாமற்போன பசவ்வா என்ற அம்மையாரின் வழக்கில், பொருளைக் காக்கத் தவறிய அரசாங்கம் அதன் மதிப்பைக் கொடுத்தே ஆகவேண்டுமென்று தீர்மானித்தது. 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், தக்க ஜாமீனும் புகைப்படமும் விவரமான மகஜரும் வாங்கிக்கொண்டு பொருளைச் சீக்கிரம் விடுவிக்க வேண்டும், பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்திற்குமேல் அதை ஸ்டேஷனில் வைத்திருக்கலாகாது என்று அதே நீதிமன்றம் விதித்தது. மோட்டார் வாகனங்கள் விஷயத்தில் இந்தத் தீர்ப்பு பெரிய உபகாரம் செய்தது. துப்பாக்கி விஷயத்தில் அதைக் கொண்டுபோய் நீட்டுகிற வக்கீல் பாதி வழியிலேயே நின்றுவிடுவார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சைக்கிளையோ சங்கிலியையோ தன்னுடையதென்று நிரூபித்துவிட்டவன் அதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துப்பாக்கிக்குச் சொந்தக்காரனாக இருப்பது ஒரு பாத்தியதை. அதைக் கைவசம் வைத்திருப்பது வேறொரு பாத்தியதை. முன்னதைக் கோர்ட் தீர்மானிக்கிறது. பின்னதை, 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் வழங்கும் அதிகாரியாகிய ஜில்லாக் கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ தீர்மானிக்கிறார். கோர்ட்டில் ஜெயித்த கட்சிக்காரர் லைசென்ஸ் இல்லாமல் அந்தத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினால், ஜெயித்த அதே பொருளுக்காக மறுபடியும் கைதாகக்கூடிய நிலையில் இருக்கிறார். இதைக் கட்சிக்காரருக்குப் புரிய வைப்பதே இந்த மனுக்களில் மிகக் கடினமான வேலையென்பது என் அநுபவம்.

இவ்வளவும் ஒருங்கே திரண்டு வந்த வழக்கொன்றைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கட்சிக்காரர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய தகப்பனாருக்குச் சிறுமலையில் காப்பியும் வாழையும் பயிரான தோட்டம் ஒன்று இருந்தது. காட்டுப்பன்றியும் காட்டெருமையும் இறங்குகிற பூமியாதலால், மலையை விட்டு ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவரிடமிருந்து பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை அவர் முறையாக லைசென்ஸ் பெற்று வாங்கியிருந்தார். பர்மிங்ஹாம் நகரத்து டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் கம்பெனியில் செய்தது. 1978-இல் குடும்பத்தினர் திருவிழாவுக்கு வெளியூர் போயிருந்த சமயம் அடிவாரத்து வீட்டின் பூட்டு உடைக்கப்பட்டு, துப்பாக்கியும் சில வெள்ளிப் பாத்திரங்களும் களவு போயின. பெரியவர் அன்றைக்கே ஸ்டேஷனில் பிராது கொடுத்தார். லைசென்ஸைப் பார்த்துத் துப்பாக்கியின் நம்பரை இலக்கம் இலக்கமாகச் சொல்லி முதல் தகவல் அறிக்கையில் எழுதச் செய்தார். கலெக்டர் ஆபீஸுக்கும் ரிஜிஸ்தர் தபாலில் தகவல் அனுப்பி, அதன் ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். துப்புத் துலங்காத வழக்கென்று சில காலத்தில் அது முடிக்கப்பட்டு அவருக்கு நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸையும் அவர் வீசி எறிந்துவிடவில்லை. லைசென்ஸ், முதல் தகவல் அறிக்கையின் நகல், ஒப்புகைச் சீட்டு, நோட்டீஸ் ஆகிய நான்கையும் ஒரே உறையில் போட்டு, நிலப் பத்திரங்களோடு இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலமாகிவிட்டார்.

இருபத்தைந்து வருஷங்கள் சென்று, 2003-இல், பக்கத்து மாவட்டத்தில் ஒரு வாய்க்கால் தகராறைப் பற்றி விசாரிக்கப் போன போலீஸார், தோட்டத்து மோட்டார் அறையில் சாக்கில் சுற்றிவைத்த துப்பாக்கி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அறைக்குச் சொந்தக்காரர், செத்துப்போன யாரோ ஒருவரிடம் எப்பொழுதோ வாங்கியதாகச் சொன்னாரேயொழிய ஒரு காகிதமும் காட்டவில்லை. விசைக்காப்பின் வாலில் நம்பர் வெட்டியிருந்த இடத்தை எவனோ அரத்தால் ராவியிருந்தான். மகஜர் எழுதியவர், கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு, 'நம்பர் இல்லாத பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

ராவிவிட்டால் நம்பர் அழிந்துவிடுமென்று நினைப்பவன் உலோகத்தின் சுபாவத்தை அறியாதவன். இரும்பில் அச்சை வைத்து அடிக்கும்போது, மேலே தெரிகிற பள்ளத்துக்குக் கீழேயும் உலோகம் இறுகி மாறுபட்டுவிடுகிறது. மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தாமிர உப்பும் அமிலமும் சேர்ந்த திரவத்தால் துடைத்தால், அந்த மாறுபட்ட பாகம் வேறு நிறமாக அரிபட்டு, எழுத்தின் சாயல் மேலெழும்புகிறது. சென்னையிலுள்ள தடய அறிவியல் துறையின் நிபுணர் இதைச் செய்தார். அதைவிட முக்கியமாக, துப்பாக்கியை முறையாகக் கழற்றி, குழல்களின் அடிப்பாகத்தில் கிடந்த அதே நம்பரையும் குறித்து அறிக்கை கொடுத்தார். ஆயுத வழக்குத் தொடுக்க 39-ஆம் பிரிவின்படி ஜில்லா மாஜிஸ்திரேட்டின் முன் அநுமதி வேண்டியிருந்ததால், அந்த அறிக்கை கலெக்டர் ஆபீஸ்களுக்கிடையே ஊர்கோலம் போயிற்று. நம்பரை எந்த ஜில்லாவில் தேடுவது? திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில். 1978-இல் சிறுமலை மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. மதுரையில் பழைய லைசென்ஸ் ரிஜிஸ்தரின் பழுப்பேறிய பக்கமொன்றில், பெரியவர் பெயருக்கு நேரே அந்த நம்பரும், சிவப்பு மசியில் 'களவு போயிற்று' என்ற குறிப்பும் இருப்பதைக் கண்டுபிடித்த அந்தப் பெயர் தெரியாத குமாஸ்தாவுக்கு நான் இன்றும் மானசீகமாக நமஸ்காரம் செய்கிறேன்.

அதன்பிறகு எந்தெந்த மேஜையில் எவ்வளவு காலம் தங்கியதோ, 2006-இல் ஒரு நாள் உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்து, காலமாகிவிட்ட தகப்பனாரின் பெயருக்கு எழுதப்பட்ட குறிப்பாணையை மகனிடம் நீட்டினார். அதற்குள் பக்கத்து மாவட்டத்தில் வழக்கே முடிந்துபோயிருந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்ததற்காக எதிரி தண்டிக்கப்பட்டார். கடைசிப் பத்தியில், 'சா.பொ. 1 துப்பாக்கி அரசுடைமையாக்கப்படுகிறது' என்று ஒரு வரி. ஆசிரியர் அந்தத் தீர்ப்பின் நகலையும், தகப்பனாரின் இரும்புப் பெட்டி உறையையும் எடுத்துக்கொண்டு என் ஆபீஸுக்கு வந்தார்.

"வக்கீல் சார், கேஸ் நடந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சாட்சியாவாவது போயிருப்பேன். இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்றாங்களே?" என்றார்.

"யார் சொன்னாங்க, வாத்தியார் ஐயா?"

"ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். சர்க்காருக்குப் போயிடுச்சாம்."

நான் முதலில் பார்த்தது தீர்ப்பின் தேதியைத்தான். 452-ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவில், சாதாரணமாக யாரும் கவனிக்காத ஒரு விதி இருந்தது: கால்நடை, அழுகும் பொருள் போன்றவற்றைத் தவிர மற்றப் பொருள்களைப் பற்றிய உத்தரவை இரண்டு மாதம் வரையில் நிறைவேற்றலாகாது, அதற்குள் அப்பீல் தாக்கலானால், அப்பீல் முடியும்வரையில் நிறைவேற்றலாகாது. அந்த இரண்டு மாதம் கழியவில்லை. துப்பாக்கி பிராபர்ட்டி கிளார்க்கின் அறையிலேயேதான் இருந்தது. அப்பீல் செய்ய அவருக்கு அந்தஸ்து உண்டா என்றால், 454-ஆம் பிரிவு, பொருளைப் பற்றிய உத்தரவால் பாதிக்கப்பட்ட எவருக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. வழக்கில் கட்சியாக இருந்திருக்க வேண்டுமென்பதில்லை. முப்பது நாள் காலவரையறையைக் கணக்குப் பார்த்து, சிறிது தாமதத்துக்கு மன்னிப்புக் கோரும் மனுவும், உத்தரவை நிறுத்திவைக்கும் மனுவும் சேர்த்து செஷன்ஸ் கோர்ட்டில் தாக்கல் செய்தோம்.

சட்டவாதம் நீண்டதல்ல. ஆயுதச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, தண்டனை விதிக்கும் கோர்ட்டுக்கு ஆயுதத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை அதன் விவேகத்துக்கு விட்டிருக்கிறதேயன்றிக் கட்டாயமாக்கவில்லை; களவு கொடுத்தவன் தண்டிக்கப்பட்டவன் அல்லனாகையால், திருடப்பட்ட பொருளைச் சொந்தக்காரனைக் கேளாமல் அரசாங்கம் எடுத்துக்கொள்வது நியாயமாகாது. இதில் நீதிபதிக்குச் சந்தேகம் எழவில்லை. சங்கடமெல்லாம் மகஜரால் வந்தது. அரசு வக்கீல் எழுந்து, "மகஜரில் நம்பர் இல்லாத துப்பாக்கி; நிபுணர் அறிக்கையில் நம்பர் உள்ள துப்பாக்கி. இரண்டும் ஒன்றென்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். துப்பாக்கியையே கோர்ட்டில் கழற்றிப் பார்த்துவிடலாமென்று நான் பிரார்த்தித்தேன். நீதிபதியும் அவ்வாறே உத்தரவிட்டு, மாவட்ட ஆயுதப் படையின் ஆர்மரரை வரவழைத்தார்.

அந்தக் காட்சியை வர்ணிக்காமல் இருக்க மனம் வரவில்லை. பிராபர்ட்டி கிளார்க் கொண்டுவந்து வைத்த துப்பாக்கியின் விசைக்காப்பில் கட்டியிருந்த கயிறு இறுகிய இடத்தில் வளையமாகத் துருவேறியிருந்தது. அடிக்கட்டையின் நுனியில் ஒரு விரிசல். ஆர்மரர், மீசை நரைத்த மனிதர், முதலில் குழல்முனையை ஆளில்லாத சுவரை நோக்கித் திருப்பிக்கொண்டு, மேல்நெம்பைக் கட்டைவிரலால் வலப்புறம் தள்ளி, முழங்காலில் தாங்கி அதை மடித்தார். இரண்டு தோட்டா அறைகளும் காலியென்று நீதிபதிக்குக் காட்டிவிட்டு, குழலின் வழியே ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து, "உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி அரிச்சிருக்குங்க ஐயா" என்றார். பிறகு முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுத்து, மேஜைமேல் குப்புற வைத்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அடித்தட்டையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க எழுத்துகள் வெளிவந்தன: கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்று பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை, வைரக் கட்டத்துக்குள் 12 என்ற போர் எண், அவற்றுக்குப் பக்கத்தில் துப்பாக்கியின் ஐந்திலக்க நம்பர். முன்கட்டையின் இரும்பிலும் அதே நம்பர். திருடனுடைய அரம் வெளியே தெரிந்த ஓரிடத்தைத்தான் தொட்டிருந்தது. கழற்றினால் தெரியும் இடங்களை அவன் அறிந்திருக்கவில்லை.

நீதிபதி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படிக்க, பெஞ்சு கிளார்க் பழைய லைசென்ஸிலிருந்தும், நான் 1978-ஆம் வருஷத்து முதல் தகவல் அறிக்கையிலிருந்தும் ஒத்துப் பார்த்தோம். ஐந்தும் ஒத்தன. நீதிபதி ஆசிரியரைப் பார்த்து, "இந்தத் துப்பாக்கியைப் பற்றி உங்களுக்கு வேறென்ன ஞாபகம்?" என்று கேட்டார். அவர் சிறிது யோசித்து, "ஐயா, பூட்டுப் பொத்தான் மற்றத் துப்பாக்கியிலே மாதிரி மேலே இருக்காது, இடது பக்கத்திலே இருக்கும். சின்ன வயசிலே நான் அதைத் தொட்டதுக்கு அப்பா அடிச்சிருக்கார்" என்றார். கிரீனர் துப்பாக்கிகளின் விசேஷமான பக்கவாட்டுப் பாதுகாப்புப் பொத்தான் அது. ஆர்மரர் துப்பாக்கியைத் திருப்பிக் காட்டினார், இருந்தது. அரசு வக்கீல் பெருந்தன்மையோடு, தமக்கு ஆட்சேபணையில்லையென்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் வக்கீலின் ஜாக்கிரதை தேவைப்படுகிறது. 'துப்பாக்கியை மனுதாரரிடம் ஒப்படைக்கவும்' என்று ஒரு வரியில் உத்தரவு பெற்றால் அது கட்சிக்காரருக்கு அபாயம். ஏனெனில் ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, நம்பர் அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவர் கைவசம் இருந்தால், அதை அழித்தவர் அவரே என்று, மாறாக நிரூபிக்கப்படும்வரையில், சட்டம் அநுமானிக்கிறது. ஆகவே விசைக்காப்பின் நம்பர் களவுக்குப் பின் பிறரால் ராவப்பட்டதென்றும், குழலிலும் முன்கட்டையிலும் அசல் நம்பர் இருப்பதைக் கோர்ட் நேரில் பார்த்ததென்றும் உத்தரவிலேயே பதிவு செய்ய வேண்டினேன். பறிமுதல் உத்தரவை ரத்து செய்து, சொந்தக்காரரின் வாரிசுக்கே பாத்தியதை உண்டென்று தீர்மானித்து, அவர் லைசென்ஸ் பெற்றுத் தாக்கல் செய்யும்வரையில் துப்பாக்கி அவருடைய செலவில் அங்கீகாரம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் இருக்க வேண்டுமென்றும், கடைக்காரரே கோர்ட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டுமென்றும் நீதிபதி உத்தரவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டாவது வாசல். கலெக்டர் ஆபீஸில் கொடுக்க வேண்டிய காகிதங்களில் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் இருந்தன. கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த தங்கை கையெழுத்துப் போட வந்தபோது, "துப்பாக்கியை நீயே வெச்சுக்கோண்ணே. அம்மாவோட வெள்ளிக் குடமும் அன்னிக்குத்தானே போச்சு, அது மட்டும் ஏன் கிடைக்கல?" என்று கேட்டாள். அவள் கேட்டதற்கு விடை சுலபம்: குடத்தில் நம்பர் இல்லை. எந்த ஸ்டேஷனின் சொத்து அறையில் அது இருந்தாலும், இதுதான் அதுவென்று சொல்ல ஓர் ஆதாரமும் கிடையாது; உரிமை கோருவாரின்றி ஆறு மாதக் கெடு முடிந்து அரசாங்கத்தைச் சேர்ந்திருக்கும்.

தாசில்தாரின் அறிக்கை, போலீஸ் விசாரணை, வனத்துறையின் அபிப்பிராயம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதற்குள் ஆசிரியர் பலமுறை மனம் தளர்ந்தார். கோர்ட் உத்தரவு இருக்கும்போது கலெக்டர் ஏன் மறுபடியும் விசாரிக்க வேண்டுமென்பது அவருடைய குறை. துப்பாக்கி அவருடையதா என்று கலெக்டர் கேட்கவில்லை. அவர் துப்பாக்கி வைத்திருக்கத் தக்கவரா என்றுதான் கேட்டார். இந்தக் கேள்வி கேட்கப்படாத தேசத்தில் நான் குடியிருக்க விரும்பமாட்டேன் என்று நான் சொன்னபோது, அவர் சிரித்துவிட்டு, அடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் கிடைக்காமற்போயிருந்தாலும் அவருடைய பாத்தியதை வீணாகியிராது. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி டெபாசிட்டில் இருக்கும் ஆயுதத்தை லைசென்ஸ் உள்ளவருக்கு விற்று, பணத்தைப் பெற்றுக்கொள்ள வாரிசுக்கு உரிமை உண்டு. அவருக்கு லைசென்ஸே கிடைத்தது. நம்பரை மறுபடியும் விசைக்காப்பில் பொறிக்கவும் அநுமதி வாங்கினோம்.

துப்பாக்கி வீட்டுக்கு வந்தபின் அதை அவர் சுட்டதில்லை. சுடவும் கூடாதென்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். குழலின் உட்புறம் அரித்துப்போனதோடு, அந்தக் காலத்துத் தோட்டா அறை 2½ அங்குல நீளமுடையது. இப்பொழுது கடைகளில் கிடைக்கும் தோட்டாக்களில் பல 2¾ அங்குல அறைக்கென்று செய்யப்பட்டவையாதலால், அவற்றை அதில் போட்டு வெடித்தால் ஆபத்து சுடுபவனுக்குத்தான். தேர்தல் அறிவிக்கப்படும்போதெல்லாம், தம் தகப்பனார் 1978-இல் பிராது கொடுத்த அதே ஸ்டேஷனில் அதை அவர் டெபாசிட் செய்து, முடிவுகள் வந்தபின் ரசீதைக் காட்டித் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். அந்த ரசீதுகளையும் பழைய உறையிலேயே போட்டு வைத்திருக்கிறார்.

இதே காலத்தில் என்னிடம் வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களும் உண்டு. பெரியவர் இறந்தபின் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு ரசீதைத் தொலைத்தவர்கள். லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டு, டெபாசிட் காலம் கடந்து, 21-ஆம் பிரிவின்படியே அது அரசாங்கத்துக்குப் போனபின் வந்தவர்கள். களவு போனபோது, துப்பாக்கி போனதென்று சொன்னால் தம்மையே விசாரிப்பார்களென்று பயந்து, மற்றச் சாமான்களை மட்டும் பிராதில் எழுதியவர்கள். இவர்களில் கடைசி ரகத்தாருக்காகப் பிரமாதேவனே வக்காலத்துப் போட்டாலும் பிரயோசனமில்லை. அன்பும் ஞாபகமும் கோர்ட்டில் சாட்சியமாவதில்லை.

ஆகையால் வீட்டில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வைத்திருப்போரை வேண்டிக்கொள்கிறேன்: தகுதியுள்ள கடைக்காரரைக் கொண்டு அதைக் கழற்றச் செய்து, வெளியே உள்ள நம்பரையும் உள்ளே உள்ள நம்பர்களையும், முத்திரைகளையும், கட்டையிலுள்ள வடுக்களையும் ஒரு காகிதத்தில் எழுதிப் புகைப்படத்தோடு பத்திரப்படுத்துங்கள். களவு போனால் அன்றைக்கே பிராது கொடுத்து, நம்பர் முதல் தகவல் அறிக்கையில் பிழையின்றி ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். லைசென்ஸ் அதிகாரிக்கும் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். சொந்தக்காரர் காலமானால், துக்கம் கழிந்த கையோடு துப்பாக்கியை டெபாசிட் செய்து ரசீது பெற்று, வாரிசுகள் கலந்து பேசி, வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவு செய்யுங்கள். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருக்க முடியாதாகையால், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். இளம் வக்கீல்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கட்சிக்காரர் விடுதலையானாலும் தண்டனை பெற்றாலும், தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படிக்காமல் கோர்ட்டை விட்டு வெளியேறாதீர்கள்.